பள்ளியின் வாயிற்படி

கல்லூரி ஒன்றின் விழா மலர் அதன் பழைய மாணவர்தம் பெருமையைப் பேசுதல் மரபு. மருத்துவராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் வணிகராயும் கமக்காரராயும் விளங்குவோர் பலரை இம்மலரும் போற்றும். அது தக்கதே. ஆயின், விழாக் காலத்தில் எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொரு கணக்கும் உண்டு. பள்ளியின் வரவுப் பதிவேட்டில் ஒருநாளேனும் ஏறாத பெயர்கள் எத்தனை என்பதே அக்கணக்கு. கண்ணொளி இல்லாத பிள்ளையும், செவி கேளாத பிள்ளையும், நடக்க இயலாத பிள்ளையும், மெல்லக் கற்கும் பிள்ளையும் நம் ஊர்களில் என்றும் இருந்தனர். நம் வகுப்பறைகளில் இருந்தாரல்லர். அவர்க்குக் கல்வி எவ்வழியால் வந்தது, எவ்வளவு வந்தது, இனி வரவேண்டியது யாது என்பவற்றை அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தமிழாசிரியர்க்கு அது இயல்பும் ஆகும். புறநானூற்றின் 28ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடியது. அது மக்கட் பிறப்பில் நேரும் எண்வகைக் குறைகளை ‘எச்சம்’ என்னும் ஒரு சொல்லால் தொகுக்கின்றது. பின்வந்த காலத்தில் குருடு, செவிடு, முடம் என்பன வசைச் சொற்களாயின. அவற்றை விலக்க வேண்டி ‘அங்கவீனர்’ என்றனர், ‘வலதுகுறைந்தோர்’ என்றனர், ‘விசேட தேவையுடையோர்’ என்றனர், இன்று ‘மாற்றுத்திறனாளிகள்’ என்கின்றனர். சொல் திருந்துவது நன்றே. ஆயினும் சொல் மட்டும் திருந்தி நடை திருந்தாவிடின், சில ஆண்டுகளில் அப்புதுச் சொல்லும் வசையாகிவிடும். முன்னைய சொற்களுக்கு நேர்ந்த கதி இதுவே.

நம் மரபில் இத்தகையோர் கல்வியிற் சிறந்தமைக்குச் சான்று இல்லாமல் இல்லை. இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். கண்ணுடையார் வழி சொல்ல, காலுடையார் அவரைச் சுமந்து நடந்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். முதுகில் எழுத்தை வரைந்து காட்ட, அத்தீண்டல் உணர்வாலேயே எழுத்தறிந்தார் என்பர். அவர் ஈழத்துக்கு வந்து யாழ்ப்பாணத்தரசன் பரராசசேகரன் அவையில் பாடிப் பரிசில் பெற்றார் என்பதும் வழிவழி வந்த செய்தி. ஆயின் இவர்கள் தனிப்பெரும் ஆற்றலால் தடை கடந்தவர்கள். ஆற்றல் மிக்க ஒருவர் மதிலேறிக் குதித்தார் என்பது கொண்டு, அம்மதிலில் வாயில் இருந்தது என்று கொள்ளுதல் பொருந்தாது.

இதனினும் ஆழ்ந்த பாடம் பெரியபுராணத்தில் உளது. திருவாரூர்த் தண்டியடிகள் நாயனார் பிறவியில் விழிப்புலன் இல்லாதவர். தூர்ந்து குறுகிய திருக்குளத்தைத் தோண்டத் துணிந்த அவர், குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்தார். அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணைச் சுமந்து கரையேற்றினார். அவர் பணியை நிறுத்த எண்ணியவர்கள் அவருடைய மண்வெட்டியையும் கூடையையும் பறித்தனர், தறியையும் பிடுங்கினர். ஈண்டு ஊன்றிக் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. அடிகளுக்குக் கண் முன்னரும் இல்லை, பின்னரும் இல்லை. தறியும் கயிறும் இருந்த வரையில் அவர் மற்றவரைப் போலவே குளம் தோண்டினார். அவை நீக்கப்பட்ட பொழுதே அவரால் இயலாதாயிற்று. எனவே இயலாமை உடலில் மட்டும் இருப்பதன்று, சூழலிலும் இருப்பது. முடிவில் கண் பெற்றது இறைவன் திருவருள். கயிறு கட்டியது அடிகளின் அறிவு. திருவருளை நாம் வழங்க இயலாது. கயிறு கட்ட இயலும். விசேட கல்வியின் வரலாறு முழுவதும் இக்கயிற்றின் வரலாறே எனலாம்.

மேல்நாட்டில் இக்கல்வி 18ஆம் நூற்றாண்டில் முறையாகத் தொடங்கியது. 1760 அளவில் பரிஸ் நகரில் லெப்பே என்னும் பாதிரியார் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குச் சைகை மொழியால் கற்பித்தார். 1785இல் வாலந்தீன் ஆவி என்பவர் அந்நகரிலேயே விழிப்புலனற்ற சிறுவர்க்குப் பள்ளி நிறுவினார். அப்பள்ளியில் பயின்றவரே லூயி பிறெயில். தோற் கருவிகள் செய்யும் தந்தையின் பட்டறையில் விளையாடும்போது ஊசி குத்தி, மழலைப் பருவத்திலேயே கண்ணிழந்தவர் அவர். 1824இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளிகளால் எழுத்துகளை அமைக்கும் முறையை வகுத்தார். 1829இல் அதனை நூலாக வெளியிட்டார். தம் கண்ணைக் கெடுத்த கூர்ங்கருவி போன்றதொரு கருவியாலேயே பல இலட்சம் பேர்க்கு எழுத்தைத் தந்தார்.

செவிப்புலனற்றோர் கல்வி இத்துணை நேரிய வழியில் செல்லவில்லை. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் பேரவை, சைகை மொழியை விலக்கி உதட்டசைவாலும் பேச்சாலுமே கற்பித்தல் வேண்டும் எனத் தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளில் பிள்ளைகள் கை அசைக்கவும் தடை விதிக்கப்பட்டது. இதன் பொருந்தாமையைத் தமிழ் இலக்கணம் பயின்றோர் எளிதில் உணர்வர். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் கூடுதலாற் பிறப்பன. ஆதலின் ‘பாலை’ என்பதும் ‘மாலை’ என்பதும் செவிக்கு வேறு, கண்ணுக்கு ஒன்றே. உதட்டை மட்டும் நோக்கும் பிள்ளை இவற்றை எங்ஙனம் வேறுபடுத்தும்? 130 ஆண்டுகள் கழித்து, 2010இல் வன்கூவர் நகரில் கூடிய அதே பேரவை, மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது.

தமிழ் வழங்கும் நிலத்தில் முதற் பணி பாளையங்கோட்டையில் நிகழ்ந்தது. 1890இல் ஆஸ்குவித் அம்மையார் அங்கே விழிப்புலனற்றோர் பள்ளியைத் தொடங்கினார். அப்பத்தாண்டிலேயே சுவெயின்சன் அம்மையார் செவிப்புலனற்றோர்க்குக் கற்பிக்கலானார். இலங்கையில் 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் என்னும் ஆங்கிலத் திருச்சபை அம்மையார் நிறுவிய பள்ளியே இன்று இரத்மலானையில் விளங்கும் செவிப்புலனற்றோர் விழிப்புலனற்றோர் பாடசாலை. நம் தீவகப் பிள்ளையொன்று எழுத்தறிய விரும்பின், கொழும்புக்கு அப்பால் அத்துணைத் தூரம் செல்ல வேண்டியிருந்தது. 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை தோன்றிய பின்னரே வடபுலத் தமிழ்ப் பிள்ளைகள் தம் மொழியில், தம் மண்ணில் கற்கும் வாய்ப்பு உண்டாயிற்று. போரும் இடப்பெயர்வும் மிகுந்த ஆண்டுகளைக் கடந்து அப்பாடசாலை இன்றும் பணிபுரிந்து வருகின்றது.

இவ்விடத்தில் சைவ மக்களாகிய நாம் நம்மை நோக்கி ஒரு வினா எழுப்புதல் தகும். 1848இல் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் பள்ளி அமைத்தது. பிறர் பள்ளிக்கு நம் பிள்ளைகள் செல்லலாகாது என்னும் கவலை அம்முயற்சிகளை ஊக்கியது. ஆயின் விழியற்ற பிள்ளையையும் செவியற்ற பிள்ளையையும் பொறுத்தவரையில் அக்கவலை நமக்கு நெடுங்காலம் எழவில்லை. அவர்களைப் பிறர் கையில் விட்டிருந்தோம். அண்மைக் காலத்திலேயே கோண்டாவில் சிவபூமி பாடசாலை சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்க முன்வந்தது. சுன்னாகத்தில் வாழ்வகம் விழிப்புலனற்றோர்க்கு உறையுளாய் விளங்குகின்றது. இவை போற்றத் தக்கன. தாமதத்தை ஒப்புக்கொள்ளுதலும் தக்கதே.

தமிழுக்குப் பிறெயில் எழுத்து எவ்வாறு பொருந்துகின்றது என அறிய அன்பர் விரும்பக்கூடும். 1951இல் யுனெஸ்கோவின் முயற்சியால் பெய்ரூத் நகரில் கூடிய அவையின் பயனாக, தென்னாசிய மொழிகளுக்கு ஒத்த பிறெயில் முறை உருவாயிற்று. ஆறு புள்ளிகளால் ஆக்கத்தக்க வடிவங்கள் 63. தமிழ் எழுத்துகளோ 247. இவை எங்ஙனம் அடங்கும் எனின், உயிர்மெய்க்குத் தனி வடிவம் இல்லை. ககரத்துக்குரிய கட்டத்தை அடுத்து இகரத்துக்குரிய கட்டத்தை இட்டால் ‘கி’ ஆகும். அச்செழுத்தில் ‘கெ’ என்பதன் கொம்பு மெய்க்கு முன்னே நிற்கின்றது. பிறெயிலில் உயிர்க் குறி எப்பொழுதும் பின்னே வருகின்றது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் இசைக்கும் என்னும் இலக்கண உண்மையை அச்செழுத்தினும் தெளிவாகக் காட்டுவது இம்முறையே. மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் தலைமேல் நில்லாது, எழுத்துக்கு முன்னே தனிக் கட்டமாக நிற்கும். விரலாற் கற்கும் பிள்ளையின் தமிழ் எவ்வாற்றானும் குறைந்த தமிழன்று.

இனி நாட்டின் கல்வி முறையை நோக்குவோம். 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பள்ளிக் கட்டணம் நீங்கியது. பள்ளியின் வாயிற்படி நீங்கவில்லை. தவழ்ந்து வரும் பிள்ளைக்கு மூன்று படிகள் ஒரு மலை. 1960களின் பிற்பகுதியில் கல்வியமைச்சில் விசேட கல்விக்கெனத் தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. அதன் பின்னர் விழிப்புலனற்ற பிள்ளைகளைப் பொதுப் பாடசாலைகளிற் சேர்க்கும் முயற்சி தொடங்கியது. காலப்போக்கில் பொதுப் பாடசாலைகளுள்ளே ‘விசேட கல்வி அலகு’ என்னும் தனி வகுப்புகள் தோன்றின. இது முன்னேற்றமே, எனினும் குறையொன்று உண்டு. ஒரே வளவில் இருந்தும் ஒரே வகுப்பில் இராத நிலை அது. அலகினுள் சென்ற பிள்ளை பொது வகுப்புக்கு மாறாது, ஆண்டு பல அங்கேயே கழித்தல் கண்கூடு.

இதனாலேயே உலகின் நோக்கு மாறிற்று. 1978இல் பிரித்தானியாவில் வார்ணொக் அம்மையார் தலைமையிலான குழு, பிள்ளையின் குறையை வகைப்படுத்துதலை விடுத்து அதன் கல்வித் தேவையை நோக்குமாறு வற்புறுத்தியது. 1994இல் ஸ்பெயின் நாட்டுச் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பேராளர் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளியே ஏற்றல் வேண்டும் என்னும் பிரகடனத்தை நிறைவேற்றினர். பிள்ளை பள்ளிக்கேற்பத் திருந்த வேண்டும் என்பது பழைய கொள்கை. பள்ளி பிள்ளைக்கேற்பத் திருந்த வேண்டும் என்பது புதியது. இதனையே ‘உட்படுத்தற் கல்வி’ என்பர்.

இலங்கைச் சட்டம் இதுபற்றிக் கூறுவதை ஒவ்வோர் ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, வலதுகுறைந்தோரின் முன்னேற்றத்துக்குச் சிறப்பேற்பாடு செய்தல் சமத்துவத்துக்கு மாறாகாது என்கின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனம் காரணமாக எவரையும் தொழிலுக்குச் சேர்ப்பதிலோ கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலோ பாகுபாடு காட்டலாகாது என விதிக்கின்றது. எனவே ‘உங்கள் பிள்ளையை இங்கே வைத்துப் பார்க்க இயலாது’ என்று கூறி அனுப்புதல் இன்று வெறும் அன்பின்மை மட்டுமன்று; சட்டமீறலும் ஆகும். 1998 முதல் 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்டோர்க்குக் கல்வி கட்டாயமாயிற்று. 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்ந்தது. 2006இல் பொதுக் கட்டடங்கள் யாவரும் அணுகத்தக்கனவாய் அமைதல் வேண்டும் என்னும் ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. சக்கர நாற்காலியில் இயங்கிய கலாநிதி அஜித் பெரேரா தாமே தொடுத்த வழக்கில், 2011இல் உயர் நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமைதல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. அங்கவீனமுற்றோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 பெப்ருவரியில் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வியை உரிமையாகவே கூறுகின்றது. கருணையாற் கொடுப்பதைக் கொடுப்பவர் நிறுத்தலாம், உரிமையை நிறுத்தலாகாது. இவ்வேறுபாடே ஒரு நூற்றாண்டு வரலாற்றின் சாரம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோருள் 8.7 வீதத்தினர், அஃதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், ஏதேனுமொரு செயற்பாட்டில் இடர்ப்பாடு உடையோர். இளம்பிள்ளைவாதம் 1993க்குப் பின் இந்நாட்டில் எவரையும் தாக்கவில்லை. கருவிலுள்ள சிசுவின் கண்ணையும் செவியையும் கெடுக்கும் ருபெல்லா நோய் தடுப்பூசியால் ஒழிக்கப்பட்டதாக 2020இல் அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் மருத்துவம் குறைத்தது. மறு பக்கம் போர் கூட்டியது. கண்ணிவெடியால் காலிழந்தோர் நம் ஊர்களில் உளர்.

இவற்றையெல்லாம் அனலைதீவில் நின்று நோக்கும்போது சட்டத்துக்கும் வாழ்வுக்கும் இடையே ஒரு கடல் கிடத்தல் தெரிகின்றது. ஒல்லாந்தர் றொட்டடாம் எனப் பெயரிட்ட இத்தீவு ஐந்து சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த பரப்புடையது. புகையிலைத் தோட்டமும் கடற்றொழிலும் மக்களின் பிழைப்பு. இங்கிருந்து ஒரு பிள்ளை கைதடிக்குச் செல்ல வேண்டின், படகில் ஊர்காவற்றுறை சேர்ந்து, பேருந்தில் பண்ணைத் தாம்போதி கடந்து யாழ்ப்பாணம் அடைந்து, மீண்டும் கண்டி வீதி வழியே தென்மராட்சிக்குள் புக வேண்டும். நடக்க இயலாத பிள்ளையை இறங்குதுறையிலிருந்து படகுக்குத் தூக்கியே ஏற்ற வேண்டும். காற்று எழும் பருவத்தில் இது பெற்றோர்க்கும் ஓட்டிகளுக்கும் அச்சம் தருவது. நாள்தோறும் சென்று மீள இயலாது. விடுதியில் விடுதலே வழி. ஆறு வயதுப் பிள்ளையைப் பிரிவதா, எழுத்தறியாமல் வீட்டில் வைத்திருப்பதா என்னும் இக்கட்டை, மற்றப் பெற்றோர்க்கு நேராத இக்கட்டை, தீவகத் தாய் ஒருத்தி தனியே தாங்குகின்றாள்.

விடுதிப் பள்ளிகள் வேண்டாவென யாம் கூறவில்லை. பிறெயிலும் சைகை மொழியும் அவற்றில் வல்லாரிடமே கற்கத் தக்கன; சைகை பேசும் தோழர் பலரோடு வாழ்ந்தாலன்றிச் செவிப்புலனற்ற பிள்ளைக்கு மொழி முழுதாய் வாயாது. ஆயின் குறைந்த பார்வையுடைய பிள்ளைக்கும், ஒரு காதில் ஓரளவு கேட்கும் பிள்ளைக்கும், கால் வலுவிழந்த பிள்ளைக்கும், மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் கடல் கடத்தல் தேவையன்று. ஊர்ப் பள்ளி சிறிது திருந்தினால் போதும். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்தபடி எழுதுதல், பிள்ளையை முன் வரிசையில் ஒளி படும் இடத்தில் அமர்த்துதல், முகம் மறையாது நேர்நின்று பேசுதல், பாடத்தைச் சிறு படிகளாகப் பகுத்தல், எழுத்தைப் பெரிதாக்கி அச்சிடுதல் என்பன செலவின்றியோ சிறு செலவிலோ இயல்வன. இவை மற்றப் பிள்ளைகளுக்கும் நன்மையே தரும். பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரமும், பிறெயில் வினாத்தாளும், எழுதுவோரின் உதவியும் விண்ணப்பித்துப் பெறலாம். இதனை அறியாமையால் தேர்வுக்கே செல்லாது நின்றோர் உளர்.

முற்பிறவி வினையே இக்குறைக்குக் காரணம் என்று கூறி அமைவோர்க்கும் ஒரு சொல். வினைக் கொள்கை தன் நடத்தையைத் தான் சீர்தூக்குதற்கு உரியது. அயலான் பிள்ளையை அளக்கும் முழக்கோல் அன்று. பார்வையற்ற அடியாரை அறுபத்துமூவருள் ஒருவராய் வைத்து வணங்கும் சமயம் நம்முடையது. கோயிலில் அவருக்குப் பூச்சாத்திவிட்டு வந்து, அயல்வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியின் கதவைச் சாத்துதல் சைவமாகாது.

நிறைவாகப் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உள்ளூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் அன்பர்கள் விழா ஆண்டில் கல்லூரிக்கு ஏதேனும் செய்ய விரும்புதல் இயல்பு. நுழைவாயில் வளைவு கட்டலாம், மேடை அமைக்கலாம், பெயர் பொறித்த கல் நாட்டலாம். அவற்றுக்கு முன்னே ஒரு சாய்தளம் அமைத்துத் தருக. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது அதன் கணக்கு. ஒன்றரை அடி உயரமுள்ள திண்ணைக்குப் பதினெட்டடிச் சாய்வு போதும். சில மூடை சீமெந்தும் மேசன் ஒருவரின் சில நாள் வேலையுமே செலவு. மலசலகூடம் ஒன்றன் கதவைச் சக்கர நாற்காலி புகுமளவு அகலமாக்குக. நூலகத்துக்குப் பேசும் மென்பொருள் கொண்ட கணினி ஒன்று தருக. பிறெயிலோ சைகை மொழியோ கற்க விரும்பும் இளம் ஆசிரியர் ஒருவரின் பயிற்சிக்குப் பொருள் உதவுக. பிள்ளை வந்த பின் கட்டுவோம் என்னற்க. படி ஏற இயலாத பிள்ளை ஒருநாளும் வந்து கேளாது. சாய்தளம் இருத்தல் கண்டே அதன் தாய் அழைத்து வருவாள்.

அடுத்த விழா மலர் வெளிவருங்கால், அதிற் கட்டுரை எழுதும் பழைய மாணவருள் ஒருவர் இன்று நம் ஊரொன்றில் வீட்டுத் திண்ணையில் இருத்தி வைக்கப்பட்ட பிள்ளையாய் இருத்தல் கூடும். அப்பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுதல் நம் கையில் உள்ளது. தறியை நடுவோம், கயிற்றைக் கட்டுவோம், நடந்து செல்லும் வேலையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.